பழைய கார் வீடு வரும் வழி

புதிய கார் வாங்கக் கடன் கேட்டு நம் கிளைகளுக்கு வருவோர் பலர். ஓடாத கார் ஒன்றை வாங்குவதற்காகத் தம் சேமிப்பை முறிக்க வருவோர் மிகச் சிலர். 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மும்பை மாட்டுங்காவில் நாம் பணியாற்றிய கிளைக்கு அத்தகைய ஒருவர் வந்தார். மத்திய ரயில்வேயின் மாட்டுங்காப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற தமிழர் அவர். மகனும் உடன் வந்திருந்தார்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் தாம் போட்டிருந்த 5 லட்சம் ரூபாயை உடனே முடித்துத் தர வேண்டும் என்றார் தந்தை. காரணம் கேட்டோம். குஜராத்தின் வடோதராவில் 1984-ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினி கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நான்கு ஆண்டுகளாக ஓடாமல் ஷெட்டில் நிற்கிறது. மகன் அதை வாங்கிச் செப்பனிட விரும்புகிறான். அதற்குத் தாம் உதவ வேண்டும் என்றார்.

“இவ்வளவு வேண்டாம் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், சார்” என்றார் மகன்.

“எங்கப்பா இந்த ஊரில் முப்பது வருஷம் டாக்சி ஓட்டினார், சார். விடியற்காலையில் வண்டியைக் கழுவுவது என் வேலை. அந்த வண்டி ஒரு நாளும் எங்களுடையதாக இருந்ததில்லை” என்றார் தந்தை.

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்மினி மும்பையின் கருப்பு-மஞ்சள் டாக்சியாகப் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட கார். இத்தாலிய ஃபியட் 1100 காரின் வழிவந்த இதனை மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தயாரித்தது. 1974-இல் பத்மினி என்னும் பெயரைப் பெற்றது. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு இருந்ததால், 2023 அக்டோபர் இறுதியோடு கடைசிப் பத்மினி டாக்சியும் மும்பைச் சாலையிலிருந்து விலகியது. தெருவில் மறைந்த காரை வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஒரு டாக்சி ஓட்டுநரின் மகன் எண்ணியதில் வியப்பில்லை.

ஆயினும், பழைய காரைக் காப்பாற்றப் புறப்பட்டவர் முதுமைக்கால வருவாயை இழந்துவிடக் கூடாது. அந்தத் தந்தையும் மகனும் கடந்து வந்த படிகளை வரிசையாக எடுத்துரைப்பது, இவ்வாசை கொண்ட பிற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் எனக் கருதுகிறோம். இன்று பத்மினியும் அம்பாசடரும் மட்டுமல்ல, 1983-இல் வந்த மாருதி 800-இன் தொடக்ககால வண்டிகளும் இவ்வரிசையில் சேர்ந்துவிட்டன.

மூன்று கேள்விகள்

படிவத்தை எடுப்பதற்கு முன் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டோம். காரை நேரில் பார்த்தீர்களா? பதிவுச் சான்றைப் பார்த்தீர்களா? கார் வீடு வந்து, ஓடி, சட்டப்படி சாலையில் செல்லும் நிலை வரும்வரை மொத்தம் எவ்வளவு ஆகும்?

கைப்பேசியில் வந்த புகைப்படங்களை மட்டுமே பார்த்திருந்தனர். ஆவணங்களைத் தாமே பார்த்துக்கொள்வதாக இடைத்தரகர் சொல்லியிருந்தார். மூன்றாம் கேள்விக்கு மகன் ஒரு குறிப்பேட்டைக் காட்டினார். காருக்கு 85,000 ரூபாய், மற்றவற்றுக்கு 90,000 ரூபாய், ஆக 1,75,000 ரூபாய் என்று அதில் எழுதியிருந்தது. அப்படியானால் 5 லட்சத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டோம். “கையில் இருந்தால் தைரியமாக இருக்கும்” என்றார் தந்தை.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். கையில் மொத்தமாகப் பணம் இருந்தால், ஒர்க்‌ஷாப் கேட்கும் ஒவ்வொரு தொகையும் நியாயமாகத் தோன்றும். பழைய காரின் செலவுக்கு இயல்பான எல்லை கிடையாது. எல்லையை வாங்குபவர்தான் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பணத்தைத் தொடலாம்

அந்தச் சேமிப்புக் கணக்கு தொடங்கிப் 14 மாதங்கள் ஆகியிருந்தன. வட்டி ஆண்டுக்கு 8.2 விழுக்காடு. 5 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 41,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் அவருடைய கணக்கில் வரவு வைக்கப்படும்.

இத்திட்டத்தின் காலம் 5 ஆண்டுகள். ஓராண்டுக்குள் முடித்தால் வட்டியே கிடையாது. கொடுத்த வட்டியும் அசலில் கழிக்கப்படும். ஓராண்டு கடந்து இரண்டாண்டுக்குள் முடித்தால் அசலில் 1.5 விழுக்காடும், இரண்டாண்டு கடந்தபின் முடித்தால் 1 விழுக்காடும் பிடித்தம். அவருக்குப் பிடித்தம் 7,500 ரூபாய். அது சிறு தொகை. பெரிய இழப்பு, இனி வர வேண்டிய ஏறத்தாழ 15 காலாண்டு வட்டி. அது 1,53,750 ரூபாய். இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதி அவர் முன் வைத்தோம். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழிகளையும் ஆராய்ந்தோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டக் கணக்கை ஈடாக வைத்துக் கடன் பெற இயலாது. பயன்படுத்திய கார்களுக்கு வங்கிகள் கடன் அளிக்கின்றன. ஆனால் காரின் வயதுக்கு உச்சவரம்பு உண்டு. நாற்பது வயதுக் கார் அவ்வரம்புக்குள் வராது. தனிநபர் கடனுக்கு வட்டி மிகுதி. சாதாரண நிலை வைப்பு இருந்தால் அதை முறிக்காமல், அதன் ஈட்டின் பேரில் கடன் பெறலாம். வைப்பு வட்டியைவிடப் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு மட்டுமே கூடுதலாக இருக்கும். இவர்களுக்கு அத்தகைய வைப்பும் இல்லை.

மகனிடம் 1,20,000 ரூபாய் சேமிப்பு இருந்தது. மாதம் 10,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்றார். அப்போது தந்தை தாமாகவே ஒரு வழி சொன்னார்: “அந்த மூணு மாச வட்டியை மட்டும் இதற்கு ஒதுக்கிவிடுகிறேன். வீட்டுச் செலவுக்கு பென்ஷன் போதும்.”

இதைவிட நல்ல முடிவை நாம் சொல்லியிருக்க முடியாது. பெற்றோர் பிள்ளைகளின் விருப்பத்துக்கு உதவும்போது வருவாயிலிருந்து உதவலாம், முதலைத் தொடலாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு எட்டுக் காலாண்டு வட்டி 82,000 ரூபாய். மகனின் சேமிப்பு 1,20,000 ரூபாய். 24 மாதத் தொடர் வைப்பு 2,40,000 ரூபாய். ஆக 4,42,000 ரூபாய். அதுவே எல்லை என்று மகன் தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

உதவியா, கடனா?

தந்தை கொடுப்பது அன்பளிப்பா, கடனா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொன்னோம். வீட்டில் இப்படிக் கேட்பது சிலருக்கு மனத்தாங்கலை உண்டாக்கலாம். உடன்பிறந்தோர் உள்ள குடும்பங்களில் கேட்காமல் விடுவதே பிற்காலத்தில் பெரிய மனத்தாங்கலுக்கு இடமளிக்கிறது.

பெற்றோர் பிள்ளைக்குத் தரும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவாயினும், பெறுபவர் வருமானவரி செலுத்த வேண்டியதில்லை. கடனாகத் தந்தால், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகையை ரொக்கமாகக் கொடுப்பதும் வாங்குவதும் வருமானவரிச் சட்டப்படி கூடாது. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலும் இவ்விதி பொருந்தும். மீறினால், வாங்கிய தொகைக்கு நிகரான தண்டம் விதிக்க இடமுண்டு. எனவே அன்பளிப்போ கடனோ, வங்கிக் கணக்கின் வழியாகவே செல்லட்டும். ஒரு வெள்ளைத்தாளில் தேதி, தொகை, நோக்கம் எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது நல்லது. காரை விற்பவருக்கும் வங்கிப் பரிமாற்றத்தின் வழியாகவே பணம் கொடுக்க வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதற்குச் சட்டத்தில் தடை உள்ளது.

இரும்பைப் பார்த்தல்

வடோதராவுக்குப் போவதற்கு முன், தாணேயில் வேறொரு பத்மினி இருப்பதாகத் தரகர் சொன்னார். விலை 1,60,000 ரூபாய். பளபளவென்று சிவப்பு வண்ணம் பூசி, இருக்கைகளுக்குப் புதிய உறை போட்டிருந்தார்கள். மகன் அன்றே முன்பணம் கொடுக்கத் துணிந்தார். தந்தை சட்டைப்பையிலிருந்து மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்தார்.

பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது. அதன் உடற்கூடே சுமைதாங்கும் அமைப்பு. அம்பாசடரும் அவ்வாறே. எனவே இத்தகைய கார்களில் துரு என்பது அழகுக்குறை மட்டுமன்று. வண்டியின் முதுகெலும்பில் விழுந்த நோய். தகடு அரித்த இடத்தில் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. காந்தம் பட்டியில் ஒட்டாது. தந்தை கதவுகளின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள், கதவுக்குக் கீழுள்ள நீள்பட்டை, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் ஆகிய இடங்களில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். பாதி இடங்களில் அது நழுவி விழுந்தது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, ஓட்டுநரின் காலடியில் புதிய தகரத்துண்டு ஒன்று ரிவெட் அடித்து ஒட்டப்பட்டிருந்தது.

“இது வேண்டாம்டா. இதற்குள் வண்டியே இல்லை” என்றார். முப்பது ஆண்டுகள் ரயில் பெட்டிகளின் அடிப்பகுதியைப் பார்த்துப் பழகிய கண் அது. பணத்தால் செய்யக்கூடிய எந்த உதவியையும்விட அந்த ஒரு சொல்லே பெரிய உதவி.

வடோதராக் கார் பார்வைக்கு ஏழை. தூசு படிந்து, வண்ணம் வெளிறி, நான்கு டயர்களும் காற்றிழந்து நின்றது. காந்தம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒட்டியது. தரைத்தகட்டில் இரண்டு இடங்களிலும் பின்கதவின் அடியிலும் மட்டுமே துரு. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. இந்த ஒப்பீட்டை வாங்குபவர் தம் கண்ணாலேயே செய்ய வேண்டும்.

விற்பனையாளரின் உறவினர் ஒருவர் பேட்டரியை இணைத்து, ஸ்டார்ட் செய்து காட்டுவதாகச் சொன்னார். தந்தை தடுத்துவிட்டார். நெடுநாள் நின்ற எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுழற்றினால், சிலிண்டரில் எண்ணெயற்று உலர்ந்த வளையங்கள் சுவரைக் கீறிவிடக்கூடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறை. மறுநாள் எஞ்சின் கையாலேயே சுழன்றது. அது இறுகிப் போயிருக்கவில்லை என்பது உறுதியாயிற்று.

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் தேயாமல் இருந்தாலும் பத்தாண்டு கடந்த டயரை நம்பி ஓட்டக் கூடாது. பிரேக்கின் ரப்பர்க் குழாய்களும் சக்கர சிலிண்டர்களும் நின்ற காரில் இறுகியோ கசிந்தோ போயிருக்கும். அவற்றைத் தவறாமல் மாற்றுச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏட்டைப் பார்த்தல்

இரும்பில் குறை இருந்தால் டிங்கரிடம் போகலாம். ஏட்டில் குறை இருந்தால் அலைச்சலுக்கு முடிவில்லை. இந்தக் காரின் ஏட்டில் மூன்று சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, பதிவுச் சான்றில் உள்ள உரிமையாளர் காலமாகிவிட்டார். விற்பவர் அவருடைய மனைவி. இறந்தவர் பெயரிலிருந்து நேரடியாக வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் வாரிசு தம் பெயருக்குப் படிவம் 31 வழியாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின்னரே விற்பனைக்குரிய 29, 30-ஆம் படிவங்கள். இறந்தவர் முன்பே கையொப்பமிட்டு வைத்த படிவங்கள் இருக்கின்றன என்று தரகர் ஆறுதல் கூறினார். அத்தகைய தாளை நம்பி வாங்குவது குற்றத்துக்குத் துணைபோவதாகும்.

இரண்டாவது, கார் குஜராத்தில் பதிவானது. மகன் வசிப்பது மகாராஷ்டிரத்தில். வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்லப் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். புதிய மாநிலத்தில் புதிய எண் பெறப் படிவம் 27. சாலைவரியும் புதிய மாநில விகிதப்படி கணக்கிடப்படும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றின் விவரம் இன்னும் கணினிப் பதிவில் ஏறியிராது. அப்போது முதலில் பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே அதை ஏற்றச் செய்ய வேண்டும். ‘வாகன்’ தளத்தில் எண்ணைத் தட்டி விவரம் வராவிட்டால், அதையும் விற்பவரே முடித்துத் தர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது நல்லது.

மூன்றாவது சிக்கலே நம் துறையைச் சார்ந்தது. 1984-இல் அந்தக் கார் கடனில் வாங்கப்பட்டிருந்தது. கடன் 1988-இலேயே அடைக்கப்பட்டுவிட்டதாம். ஆனால் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றில் அப்படியே இருந்தது. அந்நிறுவனமோ பின்னாளில் வேறொன்றோடு இணைந்துவிட்டது. அடமானப் பதிவு நீங்காமல் உரிமை மாற்றம் நடக்காது.

அந்த அம்மையார் தம் கணவரின் பழைய கோப்புகளைத் தேடி, கடன் முடிந்ததற்கான ரசீதைக் கண்டெடுத்தார். இணைப்புக்குப் பின் பொறுப்பேற்ற நிறுவனத்தில் அதைக் காட்டி, நிலுவையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட 35-ஆம் படிவமும் பெற ஏழு வாரங்கள் பிடித்தன. முப்பத்தாறு ஆண்டு பழைய ரசீது ஒன்று இல்லாமல் போயிருந்தால் அந்தக் கார் அங்கேயே துருவாகியிருக்கும்.

இதில் நம் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரு பாடம் உண்டு. வாகனக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிய நாளோடு வேலை முடிவதில்லை. வங்கியிடமிருந்து நிலுவையின்மைச் சான்றையும் 35-ஆம் படிவத்தையும் பெற்று, போக்குவரத்து அலுவலகத்தில் அடமானப் பதிவை நீக்கிய பிறகே முடிகிறது. வங்கியின் சான்றுக்குப் பொதுவாக மூன்று மாதமே செல்லுபடிக்காலம். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் வெளியிட்ட உத்தரவின்படி, தனிநபர் கடன்கள் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டியது கடன் கொடுத்தவரின் கடமை. அவர் தவற்றால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் ஆவணம் விடுவிக்கப்பட வேண்டியவற்றுக்கு இது பொருந்தும்.

முன்பணம் கொடுக்கும்முன் மேலும் இரண்டு சரிபார்ப்புகள் உள்ளன. வண்டியின் மீது அபராத நிலுவை உள்ளதா என்பதை இணையத்தில் பார்க்கலாம். திருட்டு வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ வசதி வாயிலாக அறியலாம். இவர்கள் இரண்டையும் பார்த்தனர். முன்பணமாக 5,000 ரூபாய் மட்டும் வங்கி வழியாக அனுப்பி, ஆவணங்கள் தீர்ந்தபின் மீதியைத் தருவதாக எழுதிக்கொண்டனர்.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

2024 அக்டோபரில் ஆவணங்கள் ஒழுங்காயின. காரை ஓட்டியே வந்துவிடலாம், நெடுஞ்சாலைதானே என்று நண்பர்கள் கூறினர். காப்பீடு இல்லாத காரை ஓட்டுவது முதல்முறை 2,000 ரூபாய் அபராதத்துக்கும் சிறைத் தண்டனைக்கும் உரிய குற்றம். அபராதத்தைவிட அஞ்ச வேண்டியது வேறு. விபத்தில் யாருக்கேனும் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும். அதற்கு அந்த 5 லட்சம் போதாது. எனவே பிளாட்பெட் லாரியில் ஏற்றி வந்தனர். செலவு 16,000 ரூபாய்.

காரில் நடப்புக் காப்பீடு இருந்தால், வாங்கிய 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் ‘நோ கிளெய்ம் போனஸ்’ வண்டியோடு வராது. அது அவருக்கே உரியது. காப்பீடே இல்லாவிட்டால், சாலையில் இறங்குமுன் மூன்றாம் தரப்புக் காப்பீடேனும் எடுக்க வேண்டும். பத்மினியின் எஞ்சின் 1089 சி.சி. 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள தனியார் கார்களுக்கு 2022 ஜூன் முதல் வந்த விகிதப்படி அதன் ஆண்டுக் கட்டணம் 3,416 ரூபாய், வரி தனி.

ஓட்டம் முதலில், அழகு பிறகு

லாரியிலிருந்து இறக்கிய அன்றே பெயிண்டரை அழைக்க மகன் விரும்பினார். தந்தை முதலில் பிரேக், பிறகு எரிபொருள் வழி, அதன்பின் எஞ்சின், இறுதியில் வண்ணம் என்று வரிசை வகுத்தார். அதற்குக் காரணமும் இருந்தது. காரின் பதிவு அந்த நவம்பரில் காலாவதியானது. முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை 25-ஆம் படிவம் வழியாகப் புதுப்பிக்க வேண்டும். காரை ஓடும் நிலையில் ஆய்வாளர் முன் நிறுத்தினால்தான் புதுப்பிக்க இயலும். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம். வண்ணம் பூசிவிட்டு எஞ்சினைக் கழற்றினால் இரட்டைச் செலவு, மாதங்களும் வீணாகும்.

தொட்டியிலிருந்த பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருந்தது. தொட்டியைக் கழற்றிக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தனர். இப்போது விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அக்காலத்து ரப்பர்க் குழாய்களையும் டயாபிரம்களையும் அது கெடுக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். எனவே எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றினர். உதிரிபாகங்களைக் குர்லாவின் பழைய கடைகளில் தேடிப் பிடித்தார் தந்தை. தில்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை ஆகியவையும் இதற்குப் பெயர்பெற்றவை. எங்கு வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது தர மறுக்கும் கடையின் பொருள் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

2025 ஜூனில் பதிவு புதுப்பிக்கப்பட்டது. கட்டணம் 5,000 ரூபாய். ஏழு மாதத் தாமதத்துக்கு 3,500 ரூபாய். இரண்டு மாதம் கழித்து, 20 ஆண்டு கடந்த கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. வண்ணத்தை முதலில் தொட்டிருந்தால் அந்த உயர்வும் இவர்கள் தலையில் விழுந்திருக்கும்.

செலவு உண்மையில் எவ்வளவு?

மகனின் குறிப்பேட்டிலிருந்து, அவர் இசைவோடு இங்குத் தருகிறோம். இருக்கை வேலைக்கு மட்டும் மதிப்பீட்டுத் தொகை.

காரின் விலை: 85,000 ரூபாய்
லாரி: 16,000 ரூபாய்
ஆவணம், வரி, கட்டணம், காப்பீடு: 32,000 ரூபாய்
எஞ்சின், கிளட்ச், பிரேக், எரிபொருள் வழி: 75,000 ரூபாய்
டயர், பேட்டரி, வயரிங்: 38,000 ரூபாய்
டிங்கரிங், பெயிண்டிங்: 1,40,000 ரூபாய்
இருக்கை, உட்புறம்: 22,000 ரூபாய்
மொத்தம்: 4,08,000 ரூபாய்

முதலில் அவர் எழுதியிருந்தது 1,75,000 ரூபாய். காரின் விலை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கே. பழைய காரைச் செப்பனிட எண்ணுவோர் இந்த விகிதத்தை மனத்தில் இருத்த வேண்டும். இத்தனைக்கும், எஞ்சின் கழற்றிப் பூட்டும் வேலையில் பெரும்பகுதியைத் தந்தையே செய்தார். அந்தக் கூலி இக்கணக்கில் இல்லை. விற்றால் போட்ட பணம் திரும்புமா என்று கேட்பவர்களுக்கு நம் விடை: திரும்பாது என்று கருதியே இறங்குங்கள். இது முதலீடு அன்று, விருப்பம். விருப்பத்துக்குச் செலவிடுவது தவறில்லை. அதை முதலீடு என்று எண்ணிக் கடன் வாங்குவதே தவறு.

வாங்குமுன் அறிய வேண்டிய சில விதிகள்

வசிக்கும் ஊரின் விதியை முதலில் பாருங்கள். தில்லித் தலைநகர வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடுவதற்கான தடையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதிசெய்தது. அதன்பின் இது பற்றி வேறு உத்தரவுகளும் வந்துள்ளன. அவ்வட்டாரத்தில் வசிப்போர் அன்றைய நிலையை அறியாமல் முன்பணம் கொடுக்கலாகாது.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021 ஜூலை முதல் ‘விண்டேஜ்’ பதிவு உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். அப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வாணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது.

பழைய காரில் வேறு எஞ்சினைப் பொருத்த இளைஞர் பலர் விரும்புகின்றனர். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைப்பது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு முரணானது. அத்தகைய காருக்கு விபத்தின்போது காப்பீட்டு உரிமைகோரலும் சிக்கலாகும்.

நினைவில் கொள்க

1. காரை நேரில், பகல் வெளிச்சத்தில், இரும்பு அறிந்த ஒருவரோடு பாருங்கள்.
2. உரிமையாளர் பெயர், அடமானப் பதிவு, பதிவுக்காலம் ஆகிய மூன்றும் தெளியாமல் பெருந்தொகை கொடுக்காதீர்கள்.
3. மொத்தச் செலவின் எல்லையை வாங்குமுன் எழுதி வையுங்கள்.
4. பெற்றோரின் ஓய்வுக்கால முதலைத் தொடாதீர்கள். அவர்களே தர முன்வந்தாலும் தொடாதீர்கள்.
5. குடும்பத்துக்குள் கைமாறும் பணமும் வங்கி வழியாகவே செல்லட்டும்.
6. உங்கள் சொந்த வாகனக் கடன் முடிந்திருந்தால், பதிவுச் சான்றை இன்றே எடுத்து அடமானப் பதிவு நீங்கியுள்ளதா என்று பாருங்கள்.

அந்தக் காரின் இருக்கை வேலை இன்னும் முடியவில்லை. அடுத்த காலாண்டு வட்டி வந்ததும் அதைத் தொடங்குவதாக மகன் கூறினார். 5 லட்சம் ரூபாய் கணக்கில் அப்படியே இருக்கிறது. கார் குடியிருப்பின் வாயிலில் நிற்கிறது. விடியற்காலையில் தந்தைதான் அதைக் கழுவுகிறாராம். மகன் கழுவ வந்தாலும் விடுவதில்லையாம்.